தேர் நாளில் வடிந்த எரிபொருள்

கலஹா,
தேர்த் திருவிழா முடிந்த வாரம்.

என் அன்பு அத்தானுக்கு,

ஜெயராணி எழுதுவது. நானும் லோஜினியும் மாமாவும் நலம். கொரியாவில் நீங்களும் நலமாக இருக்க நம் தோட்டத்து மாரியம்மன் அருள் செய்யட்டும். தினமும் வாட்ஸ்அப்பில் பேசுகிறவளுக்குத் தாளும் பேனாவும் எதற்கு என்று யோசிப்பீர்கள். அழைப்பு எடுத்தால் உங்கள் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லி, கதிரையை இழுத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார். இது இப்போதைக்கு அவர் காதில் விழக்கூடாத விஷயம். குரலில் பதிந்து அனுப்பவும் பார்த்தேன். வாயில் கெட்ட வார்த்தைதான் முதலில் வந்தது. எழுதினாலாவது கொஞ்சம் மரியாதை மிஞ்சும். எழுதி முடித்ததும் படம் பிடித்து அனுப்புகிறேன், தபாலை நம்பிக் காத்திருக்க நேரமில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். திருவிழா குறைவில்லாமல் நடந்தது. தேர் இழுக்கும்வரை மழை பொறுத்துக்கொண்டது. நீங்கள் அனுப்பிய நீலச் சட்டையை மாமா போட்டுக்கொண்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் மகன் வரப்போகிறான், இனி இங்கேதான் வேலை என்று சொல்லிக்கொண்டே திரிந்தார். லோஜினி அப்பாவுக்கென்று ஒரு வளையல் வாங்கி வைத்திருக்கிறாள். அப்பா வளையல் போடமாட்டார் என்று சொன்னேன், கேட்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இயந்திரத் திறப்பு விழாவில், உங்களை வேலைக்கு அழைக்கும் கண்டிக் கம்பனியின் வரதராசா சேர் பேசியதை வீடியோவில் பார்த்தீர்கள். நம் தேயிலைத் தொழிற்சாலை அடுப்பின் புகையிலிருந்து காபனீரொட்சைட்டைப் பிடித்து, தண்ணீரைப் பிரித்து எடுத்த ஐதரசனோடு சேர்த்து, கொரியாவில் நீங்கள் உருவாக்கிய ஊக்கியின் மேல் செலுத்தினால் மெதனோல் வடியும், இந்தப் புகை இனி உலகத்தைச் சூடாக்காது, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அடுப்புகளை எரிக்கும் என்றார். கைதட்டல் அடங்கவே நேரமெடுத்தது. ஆயுசு முழுக்க அந்த அடுப்புக்கு விறகு தள்ளி, அதன் புகையையே மூச்சாக இழுத்து, இன்றைக்கும் விடிந்தால் இருமுகிற உங்கள் அப்பா முன்வரிசையில் அழுதார். “நான் குடிச்ச பொகைய எம்மவன் எண்ணெயா மாத்திட்டான்” என்று பக்கத்தில் இருந்த கறுப்பையா அண்ணனிடம் சொன்னார். அந்த அழுகையை நினைத்தால்தான் எனக்கு இப்போது ஆத்திரம் தாங்கவில்லை.

தேரன்று தோட்டத்தில் யாருக்கும் வேலை கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். முதல் நாளே அடுப்பை அணைத்துவிடுவார்கள். கொழுந்தும் இல்லை, விறகும் இல்லை, புகைபோக்கி குளிர்ந்துபோய் நிற்கும். கண்டியில் இருந்து வந்து இயந்திரம் வைத்தவர்களுக்கு இது தெரியவில்லை. இயந்திரத்தைக் காவல் காக்க அவர்கள் வைத்திருக்கும் கணேஸ் கோயிலுக்கு வரவில்லையே என்று, பூசை முடிந்ததும் அவருக்குப் பொங்கல் கொண்டுபோனேன்.

உள்ளே நுழைந்தால் கண்ணாடிக் குழாயில் மெதனோல் ஏறிக்கொண்டிருக்கிறது. அடுப்பு வாயில் ஒரு பூனை படுத்து உறங்குகிறது, அவ்வளவு குளிர்ந்த சாம்பல்! நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். இங்கே நெருப்பும் இல்லை, புகையும் இல்லை, எரிபொருள் மட்டும் வடிகிறது. கணேஸின் கையில் நீலக் கேன். அதிலிருந்த மெதனோலை மேல் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

நான் கேட்டதற்கு அவர் ஒளிக்கவும் இல்லை, மிரளவும் இல்லை. “ஸ்கிரீன்ல கோடு கீழ எறங்கக் கூடாதாம் டீச்சர். பணம் போட்டவங்க வெளிநாட்டுல இருந்து பாக்குறாங்களாம். சேர்தான் தெனம் ஊத்தச் சொன்னாரு” என்றார். சொல்லிக்கொண்டே அதே கையைப் பொங்கலில் வைக்கப் போனார். நான் கத்திய கத்தலில் பூனை எழுந்து ஓடியது. மெதனோல் உள்ளே போனால் கண் போகும், உயிரும் போகும் என்று அவரிடம் யாருமே சொல்லவில்லை, அத்தான். கையுறைகூடக் கொடுக்கவில்லை. ஏதோ மருந்துத் தண்ணீர் என்று நினைத்திருக்கிறார். சவுக்காரம் போட்டுக் கையைக் கழுவ வைத்துவிட்டுத்தான் இலையை நீட்டினேன். பொய் சொன்னதைவிட இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. உலகத்தைக் காப்பாற்றப் போகிறவர்களுக்கு ஒரு மனிதனின் கண் பெரிதாகப் படவில்லை.

அடுத்த நாளே கண்டிக்குப் போனேன். வாவிக்கரையைப் பார்த்த கம்பனிக் கந்தோர், கண்ணாடி மேசை, மேசைமேல் நம் புகைபோக்கியின் படம். வரதராசா சேர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் மதித்திருப்பேன். விறகுப் புகையின் தாரும் சாம்பலும் படிந்து உங்கள் ஊக்கி முதல் வாரத்திலேயே செத்துவிட்டதாம். புகையை முதலில் சுத்தம் செய்ய வேண்டும் என்று நீங்கள் திரும்பத் திரும்ப எழுதினீர்களே, அந்த வடிகட்டியை வாங்கவே இல்லை. திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டார்களாம், காத்திருக்க முடியவில்லையாம். “இதைப் பெரிசாக்காதேங்கோ பிள்ளை. உங்கட அவர் வந்தவுடன எல்லாம் சரிவரும். அவர் ஊரோட வாறது உங்களுக்கும் விருப்பம்தானே?” என்றார்.

அந்தக் கடைசிக் கேள்வியை ஒரு சிரிப்போடு கேட்டார், அத்தான். சீ என்று போய்விட்டது. என் ஏக்கத்தை மோப்பம் பிடித்து வைத்திருந்து, சமயம் பார்த்து எடுத்து நீட்டுகிறார். அவர் தந்த தேத்தண்ணியை மரியாதைக்காகக் குடித்தேன். இன்னும் அந்த வாய்தான் கசக்கிறது.

ஊக்கி என்றால் என்ன என்று நான் கேட்டபோது, கலியாணத் தரகர் மாதிரி என்றீர்கள். இரண்டு பேரைச் சேர்த்து வைப்பான், தான் எதிலும் ஒட்டமாட்டான், அடுத்த வீட்டுக்குப் போய்விடுவான் என்றீர்கள். இங்கே தரகர் செத்து நாளாகிறது. இவர்கள் வாடகைக்கு ஒரு மாப்பிள்ளையை உட்கார வைத்து ஊருக்கே விருந்து போட்டிருக்கிறார்கள். ஊக்கி கெட்டுப்போனது வெட்கமில்லை. நீங்களே எத்தனை முறை தோற்று, போனில் சோர்ந்துபோய்ப் பேசியிருக்கிறீர்கள்! அப்போதெல்லாம் எனக்கு உங்கள்மேல் மதிப்புதான் கூடியது. கடையில் வாங்கியதை ஊற்றிவிட்டுப் புகையில் வந்தது என்று சொல்ல எப்படி மனம் வருகிறது? இந்தப் பொய் ஒருநாள் வெளியே வரும்போது, புகையை எரிபொருளாக்க நிஜமாகவே பாடுபடுகிறவர்களையும் ஊர் நம்பாது. நான் பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடத்தைக் கரும்பலகையில் எழுதுகிறவள். எந்த முகத்தோடு எழுதுவேன்?

வேலைக்கான கடிதத்தோடு இன்னொரு தாளும் இந்த வாரம் உங்களுக்கு மின்னஞ்சலில் வரும். நம் தோட்டத்துப் புகையில் உங்கள் ஊக்கி வேலை செய்கிறது என்று நீங்கள் உறுதி சொல்லும் தாள். அதில் கையெழுத்துப் போட்டால்தான் இந்த வேலை. சேரே சொன்னார். பேராதனையில் வீடும் பார்த்து வைத்திருக்கிறார்களாம்.

இந்த இடம்வரை எழுதி மடித்து வைத்துவிட்டுப் பாடசாலைக்குப் போய்வந்தேன். வந்தால் மாமா வாசலில் நிற்கிறார். கணேஸ் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பாவம், டீச்சர் திட்டிவிட்டார் என்று முறையிடப் போனவர் முழுக்கதையையும் கொட்டியிருக்கிறார். மாமா என்னிடம் சண்டை போடவில்லை. பொய்யா என்றும் கேட்கவில்லை. நீலச் சட்டையைத் துவைத்து மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, “அப்ப தம்பி வர மாட்டானா?” என்று உங்களைப் பற்றி மட்டும் கேட்டார். அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அத்தான், வேலைக்கடிதம் வரும் என்று கேட்ட நாளிலேயே அலுமாரியில் உங்களுக்கு ஒரு தட்டை ஒதுக்கித் துடைத்து வைத்தேன். நேற்று அதில் லோஜினியின் பாடசாலை உடுப்புகளை அடுக்கிவிட்டேன். வாருங்கள் என்று எழுதத்தான் எனக்கு ஆசை. அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டு மட்டும் வராதீர்கள்.

மாமாவின் கேள்விக்கு நீங்களே உங்கள் கையால் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். நான் வாசித்துக் காட்டுகிறேன். எனக்கென்று எதுவும் எழுத வேண்டாம், நான் சமாளித்துக்கொள்வேன். நீங்கள் வரும்வரை அந்தக் கை சுத்தமாக இருக்க மாரியம்மன் துணை நிற்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

வளையலை லோஜினி இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

என்றும் உங்கள்,
ஜெயராணி