வாசலுக்கு வெளியே வைத்த சோறு

அண்ணி,

இன்று காலை அலமாரியின் மேல்தட்டைத் துடைக்கும்போது உங்கள் பிஸ்கட் டப்பா கையில் அகப்பட்டது. திறந்ததும் பழைய ஊதுபத்தி வாசனை. உள்ளே கலர்க் காகிதத்தில் விரல் நீளத்துக்கு வெட்டிய சட்டைகள். இரண்டு முறை எண்ணினேன், பதினொன்று. படுக்கையில் விழுவதற்கு முன்பே இந்த வருஷத்துக்கும் சேர்த்து வெட்டி வைத்திருக்கிறீர்கள். இன்று ஆவணிப் பௌர்ணமி.

சைகோனில் வேலை பார்த்த அண்ணன், சீனக் குடும்பத்துப் பெண்ணான உங்களை மணந்து நெல்லித்தோப்புக்கு அழைத்து வந்தார். நீங்கள் எங்கள் சமையலுக்கும் சாமிகளுக்கும் பழகிக்கொண்டீர்கள். இந்த ஒரு நாளை மட்டும் விடவில்லை. சீனக் கணக்கில் ஏழாம் மாதப் பௌர்ணமி. போக்கிடம் இல்லாத ஆவிகள் பசியோடு அலையும் காலம் என்பீர்கள். பொழுது சாயும்போது தெருக்கதவுக்கு வெளியே, தரையில், சோறும் பழமும் தேநீரும் வைத்து, ஊதுபத்தி கொளுத்திக் காகிதச் சட்டைகளை எரிப்பீர்கள். பஞ்சாங்கம் பார்த்து நாள் சொல்வது என் வேலை.

"நம்ம ஆளுங்களுக்குத்தான் அமாவாசையில படைக்கிறோமே அண்ணி. முன்ன பின்ன தெரியாதவங்களுக்கு எதுக்கு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எங்கண்ணன் ஆத்தோட போயிட்டான் தம்பி. உடம்பு கெடைக்கல. எந்த ஊரு வாசல்ல நிக்கிறானோ. அங்க யாரோ ஒருத்தி அவனுக்கு வெக்கிறா. நான் இங்க வர்றவனுக்கு வெக்கிறேன்" என்றீர்கள்.

வாசலுக்கு உள்ளே வைக்கக் கூடாது. அழைக்காத வீட்டுக்குள் அவர்கள் வரமாட்டார்கள். வைத்த பிறகு திரும்பிப் பார்க்கவும் கூடாது. "நாம பாத்துட்டே இருந்தா அவங்களுக்குச் சாப்புடக் கூச்சமா இருக்கும்ல?" இதையெல்லாம் ஒரு நோட்டில் வரிசையாக எழுதியும் வைத்தேன்.

எதிர்வீட்டு மங்களம் ஒவ்வொரு வருஷமும் கேட்பாள்: "என்னா ஆயா, பேய்க்குப் பந்தியா?" நீங்கள் சளைக்கவில்லை. "ஆமா, உனக்கும் ஒரு எல போடட்டுமா?" என்பீர்கள். நானோ கதவுக்குப் பின்னால் நின்றிருப்பேன்.

போன வருஷம் உங்களால் எழுந்திருக்க முடியவில்லை. தட்டை என்னிடம் கொடுத்தனுப்பினீர்கள். எதிரே மங்களம் இரண்டு பெண்களோடு பேசிக்கொண்டிருந்தாள். தாழ்ப்பாளில் வைத்த கை அங்கேயே நின்றுவிட்டது. தட்டைக் கொல்லைப்புறம் கொண்டுபோய், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், சுற்றுச்சுவருக்கு உள்ளேயே வைத்தேன்.

"வெளியதான வெச்ச?"

"ஆமா அண்ணி."

கண்ணை மூடிச் சிரித்தீர்கள். இரண்டு மாதத்தில் போய்விட்டீர்கள்.

ஆவி உண்டா இல்லையா என்று இத்தனை படித்தும் எனக்குத் தெரியாது. உங்களிடம் பொய் சொன்னது தெரியும். உங்கள் வழியில் பார்த்தால், அன்று நம் வாசலுக்கு வந்தவர்கள் பட்டினியாகத் திரும்பியிருக்கிறார்கள். இங்கே வைக்கத் தவறினால் அங்கே உங்கள் அண்ணனுக்கு வைக்கிற கையும் நின்றுவிடுமோ என்ற பயம் வருஷம் முழுக்க என்னை விடவில்லை.

மதியமே கடைக்குப் போய்க் கலர்க் காகிதம் வாங்கி, நானும் பதினொரு சட்டைகள் வெட்டினேன். ஸ்கேல் வைத்துத்தான் வெட்டினேன். ஆனாலும் ஒன்றுக்குக்கூட இரண்டு கையும் சமமாக வரவில்லை. சோறு இரண்டு பங்கு வடித்தேன். பொழுது சாய்ந்ததும் தாழ்ப்பாளைத் திறந்தேன். மங்களம் நின்றிருந்தாள்.

"என்னா சார், ஆயாவோட முடிஞ்சிதுன்னு பாத்தா நீங்க ஆரம்பிச்சிட்டீங்களா?"

"ஆமாம்மா. போன வருஷம் வாசலுக்கு வந்தவங்களப் பட்டினி போட்டுட்டேன். அதான் இப்ப ரெண்டு பங்கு. அடுத்த வருஷமும் வெப்பேன்."

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள்.

"அப்பிடின்னா எங்க வீட்டுக்காரரையும் கூப்புடுங்க சார். மூணு நாளா எங்க அலையிறாருன்னே தெரியல."

நானும் சிரித்துவிட்டேன். காற்றில் மூன்று தீக்குச்சிகள் அணைந்தன. நான்காவது பிடித்துக்கொண்டது. நீங்கள் வெட்டியவை, நான் வெட்டியவை, எல்லாச் சட்டைகளும் ஒன்றாக எரிந்தன.

உள்ளே வரும்போது திரும்பிப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. பார்க்கவில்லை. யாராவது பார்த்தால் எப்படிக் கூசும் என்று எனக்குத் தெரியாதா, அண்ணி?