கார்முகிலின் குடற்புழுவும் இளவலின் தீர்ப்பும்

அறம் தழைக்க, ஆறுகள் கரை நிறைக, களிற்று நிரை பெருகுக. வெண்குன்ற நாடாளும் இளநங்கைத் தேவி, வடவெல்லைக் கோட்டைக் காவலரும் எம் உடன்பிறந்த இளவலுமாகிய வழுதிவேளுக்கு விடுக்கும் ஓலை. நுமக்கும் நும் கோட்டை மாந்தர்க்கும் நலம் விளைக.

நும் கோட்டையில் நிற்கும் பட்டத்துக் களிறு கார்முகில் தீனி மறுத்து மெலிந்ததும், யானை மருத்துவர் நக்கண்ணர் அதன் சாணத்தில் கண்ட புழுக்களை நீர்க்கலத்திலிட்டு மருந்து கலக்க, அவை விறைத்து மடிந்ததும், அம்மருந்தையே களிற்றுக்கு அவர் ஊட்டியதும், நஞ்சிட்டார் என்று நீர் அவரைச் சிறையிட்டதும் அறிந்தோம். புழுவுக்கும் யானைக்கும் வாயும் குடலும் உண்டாதலின், ஒன்றைக் கொல்வது மற்றதையும் கொல்லும் என்று எழுதியிருந்தீர். நும் வாள்வீச்சைப் போலவே வாதமும் விரைவானது. சில வேளை நம் பக்கத்தாரையே வெட்டிவிடுகிறது.

மருத்துவரின் மனைவி செங்கோதை அழுது முறையிடுவாள் என்றிருந்தோம். அவளோ இரண்டு வெட்டுக்கிளிகளுடன் எம் அவை புகுந்தாள். ஒன்றின் தலையை மட்டும் நீரில் அமிழ்த்திப் பிடித்தாள். நெடுநேரமாகியும் அது காலுதைத்துக்கொண்டே இருந்தது. மற்றதன் தலையை விடுத்து உடலின் இருபுறமும் எண்ணெய் பூசினாள். அது மூச்சுமுட்டி அடங்கிற்று.

"இதுக்கும் வாய் இருக்கு, ஆனா மூச்செடுக்கிறது விலாவில இருக்கிற துளையால, தாயே. குடற்புழுவுக்கு அதுவும் இல்ல, தோல்தான் மூச்சு. ரத்த ஓட்டம் இல்ல, இதயமும் இல்ல" என்றாள்.

இதயமில்லை என்றதும் அவையோர் சிலர் வடதிசை நோக்கிப் புன்னகைத்தனர். யாம் காணாதவர்போல் இருந்தோம்.

யானையின் ஈரல் சிறிதளவு நஞ்சை முறித்துவிடும் என்றும், புழுவுக்கு அத்தகைய உறுப்பில்லை என்றும், அளவு மிகுந்தால் களிற்றுக்கும் கேடே என்பதால் தன் கணவர் எடை நிறுத்தே கொடுத்தார் என்றும் விளக்கினாள். "மிச்சமிருக்கிற இளம்புழு வளர்றதுக்குள்ள மறு மருந்துருண்டை கொடுக்கணும். சிறையிலிருந்து எப்படிக் கொடுப்பார்?" என்று கேட்டபோதுதான் அவள் குரல் உடைந்தது. அதன்பின் அவையில் எவரும் நகைக்கவில்லை.

களிற்றின்மேல் வைத்த அன்பே நும்மை அவசரப்படுத்திற்று என்பதை யாம் அறிவோம். ஆயினும் அன்பு தீர்ப்பெழுதலாகாது.

ஆகவே இவ்வோலை கண்ட கணமே நக்கண்ணரை விடுவித்து, நும் கையாலேயே தளை களைந்து, அவையறியப் பொறுத்தருள வேண்டுவீராக. அவர் மறு உருண்டையை ஊட்டுங்கால் துதிக்கையைப் பிடித்து நிற்பவர் பாகரல்லர், நீரே. மருந்தின் கசப்பால் கார்முகில் நும்மைச் சேற்றில் தள்ளுமாயின், அதற்குத் தண்டமில்லை.

இஃது எம் ஆணை. வேங்கை இலச்சினை பொறித்தோம்.