குதிகாலில் ஒதுங்கிய கோடு

பாய்,

நேற்றுச் சாயங்காலம் கடையில் ஒரு ஷூவைப் பிழிந்துகொண்டிருந்தேன். இரண்டு கையாலும், நனைந்த வேட்டியைப் பிழிவதுபோல. விற்கிற பெண் பதறி ஓடிவந்தாள்.

"அங்கிள், அத வாங்கப் போறீங்களா, காயப் போடப் போறீங்களா?"

புது ரப்பர் வாசனை மூக்கில் ஏறியது. உடனே உம்மைத்தான் திட்டினேன். இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்துவிட்டு, ஏச்சு வாங்க என்னைத் தனியாக விட்டுப் போய்விட்டீரே! நீர் கண்மூடி இரண்டு வருஷம் ஆகிறது.

பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன பெத்தாங் ஆட்டத்தில் நாம் ஜோடி. இரும்புக் குண்டை எறிந்து, தூரத்துச் சின்ன மரக்குண்டின் பக்கத்தில் சேர்க்க வேண்டும். எறிகிறவன் தரையில் கீறிய வட்டத்துக்குள் நிற்க வேண்டும். குண்டு மண்ணைத் தொடும்வரை கால் எழும்பக் கூடாது. நான் எறிந்தால் குண்டு பயந்துபோய்த் தானே ஓடிப் போய்ச் சேர்ந்துவிடும் என்று புதுச்சேரி முழுக்கப் பேச்சு. பேச்சைக் கிளப்பியவன் நான்தான்.

அப்பேர்ப்பட்ட என்னைப் பார்த்து எதிரணி கத்த ஆரம்பித்தது: "கால்! தூக்கிட்டாரு பாரு, கால்!" தூக்கவில்லை என்று மீசைமேல் சத்தியம் செய்தேன். யாரும் நம்பவில்லை. கள்ளாட்டம் ஆடுகிற கிழவன் என்று பெயராகிவிட்டது. கடைசியில் உம்மிடமே வந்து, "பாய், வேற ஜோடி பாத்துக்கோங்க" என்றார்கள்.

நீர் குனிந்து என் காலையே பார்த்தீர். "யோவ், இன்னொரு வாட்டி எறி."

எறிந்தேன்.

"நீ கள்ளாட்டம் ஆடல. அந்தக் குதிகால் தரையில பதிஞ்சா உனுக்குச் சுருக்குங்குது, அது தானா எழும்புது. எத்தினி நாளா வலிக்குது?"

ஆறு மாதமாக. காலையில் கட்டிலைவிட்டு இறங்கி வைக்கிற முதல் அடியில், ஊரிலுள்ள ஆணியெல்லாம் என் குதிகாலில்தான் கூட்டம் போடும். வீட்டில்கூடச் சொல்லாத ராஜாங்க ரகசியம். அதை என் கால் உமக்குக் காட்டிக்கொடுத்துவிட்டது.

ஸ்கூட்டரில் ஏற்றிக் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனீர். பாதவளைவைத் தாங்கி, குதிகாலுக்கு மெத்தென்று இருக்க வேண்டும் என்று சொல்லி, டாக்டரம்மா ஷூவுக்குள் வைக்க ஒரு உள்மெத்தையும் கொடுத்து, மாதிரிக்கு ஒரு கறுப்புச் செருப்பையும் காட்டினார். நோணாங்குப்பம் படகுத்துறையில் இறக்கினால் இருபது பேரை ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும்.

"இதப் போட்டுக்குனு வட்டத்துல நிக்கறதுக்கு, ஆட்டத்தையே உட்டுடறேன் பாய்."

நீர் சிரிக்கவில்லை. பளபளக்கும் கூர்மூக்கு ஷூவில் முகம் பார்த்துத் தலைசீவுகிற துணிக்கடைக்காரர் அல்லவா! "மாப்ள மாதிரியும் இருக்கணும், மருந்தாவும் இருக்கணும். அவ்ளோதான? சாயங்காலம் கடைக்கு வா."

"ஏன், இப்பவே போனா என்ன?"

"காலைல காலு பொய் சொல்லும்யா. சாயங்காலம் வீங்கி உண்மையச் சொல்லும்."

துணி சுற்றி வருமே, அந்த நீள அட்டையைத் தரையில் போட்டு என்னை ஏற்றி நிறுத்தினீர். வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க, முதலாளியான நீர் முட்டி போட்டு, காதில் செருகிய பென்சிலால் என் பாதங்களைச் சுற்றிக் கோடு போட்டீர். என் அம்மாவுக்கு அப்புறம் என் காலை அவ்வளவு பதமாகப் பிடித்தவர் யாருமில்லை.

அந்த அட்டையோடு ஏழு கடை ஏறினோம். நான் ஊரில் எழுபது என்று சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு ஷூவையும் பிழிந்தீர். "முறுக்கிக்குனா வேணாம். விரல்கிட்ட மடங்கணும், நடுவுல மடங்கக் கூடாது." ஷூவோடு வந்த மெத்தையை உருவி அட்டைமேல் வைப்பீர். "கோடு வெளிய தெரிஞ்சா விரலுக்கு இடமில்ல. அடுத்த கடை." கடைசியில் கிடைத்தது காப்பிக்கொட்டை நிறத்தில், கயிறு கட்டுகிற ஒரு மகராசன். அதற்குள் டாக்டரம்மா தந்த மெத்தையை வைத்து நின்றபோது, பட்டாபிஷேகத்துக்கு நின்றவனும் அப்படி நின்றிருக்க மாட்டான்.

வலி போக மாதக்கணக்காயிற்று. பிறகு ஒருநாள் மறுபடி வட்டத்தில் நின்றேன். குண்டு எங்கே விழுந்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் என் காலில். அது அசையவில்லை. கத்தியவர்களில் ஒருவர் மெல்ல வந்து, "ஷூ எங்க வாங்கனீங்க?" என்றார்.

நீர் முந்திக்கொண்டீர்: "பாரீஸ்லேருந்து வந்துது." புளுகில் என்னை நீர் மிஞ்சியது அந்த ஒரு தடவைதான்.

நேற்றும் அதே அட்டையோடுதான் போனேன். அந்தப் பெண் மெத்தையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். "அங்கிள், வலது குதிகால்ல மட்டும் கோடு தள்ளிப் போயிருக்கே. வரஞ்சவரு கை தவறிட்டாரு போல."

குனிந்து பார்த்தேன். இத்தனை வருஷம் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். கை தவறவில்லை, பாய். தொட்டால் துடிப்பேன் என்று, அந்த இடம் வந்ததும் உமது பென்சில் ஒரு விரற்கடை ஒதுங்கிப் போயிருக்கிறது.

அவள் கோட்டைத் திருத்தப் பேனாவை எடுத்தாள். "வேணாம்மா, அது அப்படியே இருக்கட்டும்" என்றேன். அட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு குதிகாலும் பதிய வீடுவரை நடந்தே வந்தேன்.