முளைக்கும் வரைக்கும்

செட்டிபாளையம்,
ஆவணி 2005

அன்புள்ள அக்கா,

நீ திரும்பி வந்து மிளகாய் போடலாம் என்றிருந்த தோட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். கடல் வந்துபோன பிறகு அங்கே போட்ட விதை ஒன்றும் முளைக்கவில்லை. நிவாரணக்காரர் ஒருவர் விதையை முளைக்கவைக்கிற ஓமோன் மருந்து கொண்டுவந்தார். அதில் ஊறவைத்து ஈரத்துணியில் கட்டி வைத்தோம். எல்லா விதையும் முளைத்துவிட்டது. துணியை விரித்துப் படம் எடுத்துக்கொண்டார்.

மண்ணில் வைத்து ஒரு கிழமைக்குள் எல்லாம் கருகிவிட்டன.

"மருந்து விதையை எழுப்பும் தங்கச்சி, மண்ணில உள்ள உப்பை எடுக்காது" என்றார் மருந்து தந்தவர்.

"அப்ப எதுக்கு எழுப்பினீங்க?" என்று கேட்டேன். முளைக்கும் வரைக்கும்தான் அவர்களுடைய திட்டமாம்.

கிணறும் உப்புத்தான். பவுசர் லொறியில் வரும் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். உன் மகள் வெறும் பால்மா ரின்னில், கடல் வராத பழுகாமத்து மண்ணைப் போட்டு ஒரு மிளகாய்க் கன்று வளர்க்கிறாள். தான் குடிக்கிற தண்ணீரை அதற்கு ஊற்றுகிறாள். ஏசினாலும் கேட்பதில்லை.

"அம்மா வாறதுக்குள்ள இது காய்க்குமா சின்னம்மா?" என்று கேட்கிறாள். ஓம் என்கிறேன்.

குவைத்தில் நீ வேலை செய்கிற வீட்டுக்காரி இன்னும் இரண்டு வருடம் நிற்கச் சொல்கிறாள் என்று எழுதியிருந்தாய். திரும்பவும் கேட்டால், உடனே மாட்டேன் என்று சொல்லிவிடாதே.

உன் தங்கச்சி