ஒன்று தசம் எட்டு

ஓகஸ்ட் 11, திங்கள்

காலை முதல் வேலை: சிப்பைக் கவ்வும் கிளிப்பின் எட்டுப் பல்லையும் பழைய பிரஷ்ஷால் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்தது. தேநீர் அதற்குப் பிறகு. சோளகக் காற்று விடாமல் அடிக்கிறது. நெல்லியடிச் சந்திப் புழுதி முழுக்க என் கடை மேசையில்.

ஜெபன் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடும்போது, "உம்மடை பல்லுக் கிளினிக் திறந்தாச்சோ?" கலியாணம் கட்டிய நாளிலிருந்து நான் எந்தச் சாமானைத் திருத்தினாலும் ஒரு பகிடி வைத்திருப்பார்.

பத்து மணிக்கு நவரத்தினம் அண்ணை. பருத்தித்துறை. படகு ஜி.பி.எஸ். பெட்டியைச் சாரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். போட்டால் கொம்பனிப் படம் வருகிறது, அணைகிறது, திரும்ப வருகிறது. யாழ்ப்பாணத்தில் காட்டினாராம், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றலாம் என்றார்களாம். தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"பெட்டி போனால் போகட்டும் ரீச்சர். பொயின்ற் போகக்கூடாது."

பொயின்ற் என்றால் கரை தெரியாத தூரத்தில் மீன் நிற்கும் இடங்கள். பதினொரு வருடமாக ஒவ்வொன்றாகக் குறித்தவை. வேறெங்கும் எழுதி வைக்கவில்லை. அவை இல்லாவிட்டால் இனி வேறொருவரின் போட்டில் கூலிக்குப் போகவேண்டியதுதான் என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

சிப்பில் புரோகிராமைத் திரும்ப எழுத முன், உள்ளே இருப்பதை என் கம்பியூட்டரில் ஒரு கொப்பி எடுத்தே ஆகவேண்டும் என்றேன். முகம் மாறியது. வேலை முடிந்ததும் அழித்துவிடுவேன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் பெட்டியிலிருந்து கையை எடுத்தார்.

திறந்தால் உள்ளே முழுக்கக் கிறீஸ். உப்புக் காற்றுக்காக அவரே பூசியது. எஞ்சினுக்குப் பூசுவதுதான்.

இனி எழுதப்போவது எனக்கு மட்டும்.

சிப்பின் மேல் கிறீஸை அரைவாசிதான் துடைத்தேன். இலக்கத்தின் முன்பாதி தெரிந்தது. கடைசி எழுத்துகள் தெரியவில்லை. எனக்கு வருவதெல்லாம் 3.3 வோல்ற் சிப். இதுவும் அதுதான் என்று கிளிப்பை மாட்டினேன். வாசித்தது குப்பை. திரும்ப வாசித்தேன், வேறு குப்பை. மூன்றாம் தடவை விரலை வைத்துப் பார்த்தேன். சூடு.

கழற்றி, முழுக்கத் துடைத்து, பூதக்கண்ணாடி பிடித்தேன். 1.8 வோல்ற் சிப்.

3.3 கொடுத்தால் செத்துப்போகக்கூடியது.

ஒரு சின்னச் சாமான் வாங்கவேண்டும், வியாழன் வாருங்கள் என்று மட்டும் அவரிடம் சொன்னேன். பொய்யில்லை. உண்மையும் இல்லை.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

கடை பூட்டு. யாழ்ப்பாணம்.

வாங்க:
1.8 அடப்டர்
ஸ்பிரிட்
ஜெ. சப்பாத்து லேஸ் (கறுப்பு)
பூதக்கண்ணாடி, பெரிசு

பஸ்ஸில் பக்கத்துச் சீற்றில் ஒரு பெண் போனில்: "ஓம், ஓம். அவருக்கு இடியப்பம் காணாதாம், புட்டும் வேணுமாம். நான் என்ன ஹோட்டலோ நடத்துறன்?" சிரிப்பு வந்தது. இரண்டு நாளில் முதல் தடவை.

அடப்டர் பெருவிரல் அளவு. சிப்பில் எழுதும் கருவிக்கும் கிளிப்புக்கும் நடுவில் இருந்து 3.3ஐ 1.8 ஆக இறக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. போன வருடமே வாங்கியிருக்கலாம். தேவைப்படவில்லை என்று விட்டேன்.

ரியூசனில் கம்பியூட்டர் படிப்பித்த காலத்தில் சொல்வேன்: முதல் வாசியுங்கோ, பிறகு தொடுங்கோ. வாசிக்காமல் தொட்ட பிள்ளைக்குப் புள்ளி குறைப்பேன்.

ஓகஸ்ட் 13, புதன்

காற்று குறைவு. கரண்ட் ஒழுங்கு. போனை நிறுத்தி வைத்தேன்.

பற்றரி கழற்றியாயிற்று. அடப்டர் நடுவில். கிளிப்பை மாட்ட முன் மீற்றர் வைத்துப் பார்த்தேன்: 1.8. நம்பாமல் திரும்பவும் பார்த்தேன். சிவப்பு வயர் சிப்பின் முதல் காலைக் காட்டும் புள்ளிப் பக்கம். கம்பியூட்டரில் வாசி என்பதை அழுத்தினேன்.

ஒரு கொப்பி. இன்னொரு கொப்பி. ஒப்பிட்டேன். ஒரு எழுத்து வித்தியாசமில்லை. மூன்றாவதும் எடுத்தேன். அதே.

சிப் சாகவில்லை. கதிரையில் சாய்ந்து கொஞ்ச நேரம் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழுது புரோகிராமின் தொடக்கத்தில். அந்தத் துண்டை மட்டும் கொம்பனி தந்த கோப்பிலிருந்து எடுத்து நிரப்பினேன். பொயின்ற் இருக்கும் பின்பக்கத்தைத் தொடவில்லை. எழுதி, சரிபார்த்து, பெட்டியைப் போட்டேன். கொம்பனிப் படம். பிறகு திரையில் கடல்.

பொயின்ற் பட்டியல் தானாக வந்து நின்றது. பார்க்கக்கூடாது என்று நினைக்க முன் பத்துப் பன்னிரண்டு பார்த்துவிட்டேன். அவர் வைத்த பெயர்கள், ஆங்கில எழுத்தில் தமிழ். பெரிய கல்லு. வலை கிழிஞ்சது. ராணி பிறந்த அண்டு. தம்பிக்கு சொல்லாதை.

திரையைக் கவிழ்த்து வைத்தேன்.

ஓகஸ்ட் 14, வியாழன்

ந. அண்ணை வந்தார். பெருவிரலால் பட்டியலை மேலிருந்து கீழ்வரை இறக்கினார். உதடு அசைந்தது. எண்ணினாரோ, கும்பிட்டாரோ தெரியாது.

"எல்லாம் கிடக்கு ரீச்சர்." பிறகு, "கொப்பி?"

"கிடக்கு. அழிச்சுப்போடுறன் அண்ணை."

"குறை நினையாதேங்கோ. கூடப்பிறந்தவனுக்கே காட்டாத சாமான்."

கூடின வோல்ற் கொடுத்ததை அப்போதே சொல்லியிருக்கவேண்டும். பெட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன். அவரும் ஒரு பை விளைமீனை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பின்னேரம் வேறொருவர். மூக்கைப் பார்த்ததும் தெரிந்தது, ந. அண்ணையின் தம்பி. அரைவாசிப் பொயின்ற் இரண்டு பேரும் ஒரே போட்டில் போன காலத்தில் கண்டுபிடித்ததாம். நியாயம் இருக்கலாம். எனக்குத் தெரியாது.

"அண்ணைக்குச் சொல்லவேண்டாம். ஒரு கொப்பி போட்டுத் தாங்கோ."

"கொப்பி ஒண்டும் என்னட்டை இல்லை."

"உங்கடை கொம்பியூட்டரிலை கிடக்கும் ரீச்சர். எனக்கும் கொஞ்சம் தெரியும்."

"தெரிஞ்சால் நீங்களே திருத்தியிருக்கலாமே தம்பி."

போய்விட்டார். கொப்பி இருக்கிறது. நான் இன்னும் அழிக்கவில்லை.

இரவுச் சாப்பாடு மீன்குழம்பு. ஜெபன் மூன்றாம் தரம் சோறு போட்டார். என்ன யோசனை என்றார். அடுத்த ஞாயிறு கோவில் பாட்டு என்றேன்.

ஓகஸ்ட் 15, வெள்ளி

கோப்பைத் தேர்ந்து, அழி என்பதில் விரலை வைத்து, எடுத்தேன். காலையில் இரண்டு தரம். மத்தியானம் ஒரு தரம்.

கூடின வோல்ற் மூன்று தடவை தின்ற சிப். பத்து வருடம் ஓடலாம். அடுத்த கிழமை போகலாம். யாராலும் சொல்ல முடியாது. போனால் பொயின்ற் எல்லாம் போகும். அவர் கிறீஸைக் குறை சொல்வார், உப்பைச் சொல்வார், தன் காலத்தைச் சொல்வார். என்னைச் சொல்ல மாட்டார்.

அழித்தால் வாக்குக் காப்பாற்றப்படும், என் பிழை அவர் தலையில் விழும். ஒளித்து வைத்திருந்தால், தம்பியிடம் சொன்ன பொய்யை அண்ணனிடமும் சொன்னதாகும். இரண்டிலும் நான்தான் தப்புகிறேன்.

கோப்பை ஒரு சின்ன மெமறிக் கார்ட்டில் ஏற்றினேன். கம்பியூட்டரில் இருந்ததை அழித்தேன். இதே இலக்கத்தில் புதுச் சிப்புக்குச் சொல்லி வைத்தாயிற்று. வந்ததும் பெட்டியை ஒரு நாள் திரும்பத் தரச் சொல்லி மாற்றவேண்டும். தருவாரோ தெரியாது. என் பிழையைக் கேட்டபின் அவர் என் கடைப் படி ஏறாமலும் விடலாம். கரை முழுக்கச் சொல்லலாம்.

நாளை முதல் பஸ். படகு கரைக்கு வரும் நேரத்துக்குப் பருத்தித்துறையில் நிற்கவேண்டும். முதலில் அந்த மூன்று தடவையையும் சொல்வது. பிறகுதான் கார்ட்டை அவர் கையில் கொடுப்பது.