கோடம்பாக்கத்துக் கப்பலின் பாய்மரம்

18-11-1948, வியாழன்

கப்பல் மேஸ்திரி என்று மாம்பலம் முழுக்கப் பீற்றிக்கொள்கிறேன். கடலில் முழங்காலுக்கு மேல் நான் இறங்கினதே இல்லை. நம் கப்பல் நிற்பது கோடம்பாக்கம் ஸ்டூடியோவின் மண் தரையில். அந்தக் காலத்துப் போர்க்கப்பல் மாதிரி ஒரு படத்துக்காகக் கட்டியது. மழையில் ஊறிப்போனதைப் பதினைந்து நாளாகப் பழுது பார்க்கிறோம்.

இன்று காலையில் பாய்மரத்தின் அடியில் உளியை வைத்தேன். அல்வாவில் இறங்குவது போல இறங்கிவிட்டது. நாளைக்குக் கதாநாயகனுக்குப் பதிலாக அதன் உச்சிக்கு ஏறப்போகிறவன் என் தங்கை புருஷன் காதர். உடனே மேனேஜரிடம் போய், மரத்தை மாற்ற வேண்டும் என்றேன்.

"அடிமரம் காமிராவுல தெரியாது மேஸ்திரி. பெயிண்ட் அடிச்சு வுடுங்க."

"மரம் தெரியாது சார். காதர் வுழுந்தா தெரியும்."

எல்லாரும் சிரித்தார்கள். வேடிக்கைக்காரன் என்று பெயர் வாங்கியதோடு சரி, நான் கோபப்பட்டாலும் ஒருத்தனும் நம்புவதில்லை. காதரும் சிரித்தான்.

"வுடு மச்சான். நான் இன்னா யானையா?"

"யானைன்னா எனக்கு இன்னா கவலை? அதுக்கு மரம் ஏறத் தெரியாதே."

சொன்னேனே தவிர, எனக்குச் சிரிப்பு வரவில்லை. தங்கை முகம் கண்ணில் வந்து நின்றது. ஒரு டப்பா பெயிண்டுக்கு இருக்கிற மதிப்பு அவள் புருஷனுக்கு இல்லையா?

எல்லாரும் சாப்பிடப் போனதும் ரம்பத்தை எடுத்து மரத்தை அடியோடு அறுத்தேன். இனி எவன் ஏறுவான், பார்க்கலாம். வேலை போனால் போகட்டும்.

மரம் நான் நினைத்த பக்கம் விழவில்லை. மேனேஜரின் நாற்காலிமேல் விழுந்தது. நாற்காலியில் மேனேஜர் இல்லை. அவர் குடை இருந்தது.