விசை மேல் போட்ட பழி

டுவாட்டபெரி
மார்ச் 9, திங்கட்கிழமை

அன்பு மகள் ஐல்சாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பா, மெரன், நாய் ஜிப் எல்லோரும் சுகம், நான் படிக்கப் போடுகிற மூக்குக்கண்ணாடி மட்டும் சுகமில்லை. ஜிப் அதைக் கடித்துத் தின்றுவிட்டது. புதுக் கண்ணாடி வர பத்து நாளாகுமாம், உங்கள் தீவுக்குக் கப்பலோ வியாழக்கிழமையே கிளம்புகிறது, இதை விட்டால் அடுத்த கப்பலில் நீயே வந்துவிடுவாய். அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். ஒரு வார்த்தையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுவதாகச் சத்தியம் செய்திருக்கிறாள். (அக்கா, மெரன் பேசுகிறேன். குறைக்க மாட்டேன் என்றுதான் சத்தியம். குரைக்கிறது ஜிப்போட வேலை.)

அந்தத் தீவு வேலையில் களை பிடுங்கிப் பிடுங்கி உன் கை காய்த்துப் போயிருக்கும், ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொள். வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே, பாறை ஓரமாகத் தூண்டில் போடப் போகாதே, அலை சொல்லிவிட்டு வராது. குளிர்காலம் தொடங்க இன்னும் ரெண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது, இங்கே இப்போதே காலையில் பனி விழுகிறது. அப்பாவுடைய வண்டி மறுபடி ஆற்றோரச் சேற்றில் சிக்கி டிராக்டர் வைத்து இழுத்தார்கள். போன வருஷம் சிக்கின அதே இடம்.

இப்போது நீ கேட்ட விஷயம். துப்பாக்கியைச் சரிபார்த்தாச்சா, ஏப்ரலுக்குத் தயாரா என்று கேட்டிருந்தாய். எட்டு வருஷம் சீட்டுப் போட்டு இந்த வருஷம்தான் வனத்துறைக் குலுக்கலில் நமக்கு வேட்டைக்கு ஒரு காடு கிடைத்தது, மான் கத்தும் பருவத்தில் முழுசாக ஒரு வாரம், உன் பேரும் என் பேரும். நீ அங்கே நாள் எண்ணிக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதைச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது. பிப்ரவரியில் அப்பாவோடு ஆற்றுக்கு அந்தப் பக்கம் போயிருந்தேன். ஒரு பெண்மான், எண்பது மீட்டர் கூட இருக்காது, பக்கவாட்டில் அசையாமல் நின்றது. சுட்டேன். தொடையில் பட்டு ஓடிவிட்டது. ஜிப்பை விட்டு ரெண்டு மணி நேரம் தேடி, அதைக் கண்டுபிடித்து அப்பாதான் முடித்து வைத்தார். அது என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. (உண்மை, சீஸ் ரோல்கூட ரெண்டோடு நிறுத்திவிட்டார்கள்.)

எனக்குத் தோன்றியதெல்லாம் விசைதான் காரணம் என்று. பன்னிரண்டு வருஷத்துத் துப்பாக்கி, விசை கல் மாதிரி இருக்கிறது, இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கிறது, எப்போது வெடிக்கும் என்றே தெரிவதில்லை என்று வீட்டில் மூணு வாரமாக இதே பாட்டு. உன் அப்பா, "நானூறு டாலர்தானே ஷோனா, வாங்கிப் போடு, வீட்டுக்குள்ள நிம்மதியாவது வரும்"னு சொன்னார். மெரன் என்ன சொன்னாள் என்று நான் சொல்லமாட்டேன். (நான் சொல்கிறேன். "நம்ம வீட்டுல அம்மா குறி தப்பாம சுடுறது ரொட்டி ஒண்ணுதான், அடுப்புக்கும் ஒரு புது விசை போட்டுடலாமா"ன்னேன். ஒரு வாரம் பாத்திரம் கழுவினேன்.)

விசையை மாற்றினாலும் மனசு தெளியுமா என்று தெரியவில்லை. இன்னொரு உயிரை அப்படி அரைகுறையாக விட்டு ஓடவைக்க என்னால் முடியாது. அதனால் என் பேரை எடுத்துவிட்டு உன் சித்தப்பா நீல் பேரைப் போடச் சொல்லிப் படிவம் எழுதி, கையெழுத்துப் போட்டு, தபாலில் சேர்க்கச் சொல்லி மெரனிடம் கொடுத்தேன். கோபப்படாதே கண்ணு, மேலே கேள்.

அதற்கப்புறம்தான், சித்தப்பாவுக்கானாலும் துப்பாக்கி சரியாக இருக்கட்டும் என்று ராவிரியிடம் எடுத்துப் போனேன். இந்தப் பக்கம் துப்பாக்கி பழுது பார்க்க அவரை விட்டால் யார். தராசுக் கொக்கியை விசையில் மாட்டி மூணு தரம் இழுத்துப் பார்த்தார். "ஒண்ணே முக்கால் கிலோ இழுப்பு, வேட்டைக்குச் சரியான அளவு, மூணு தடவையும் அதேதான். பிசிறு இல்ல, தடங்கல் இல்ல. மாத்தணும்னா மாத்தித் தர்றேன், எனக்கென்ன, வருமானம்தான். ஆனா ஏப்ரல் குளிர்ல விரல் மரத்துப் போயிருக்கும்போது பூ மாதிரி விசை வெச்சுக்கிட்டு மலை ஏறுறது நல்லதில்ல. சனிக்கிழமை சுடுற திடலுக்கு வாங்க, சுட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க"ன்னார். கடைக் கதவு வரை வந்த மெரன் திரும்பி உள்ளே போய் அவரிடம் ஏதோ குசுகுசுத்தாள். நான்தான் கவனிக்காமல் விட்டேன்.

பிப்ரவரி 28, சனிக்கிழமை திடலில் பாதி ஊர். காதுக்கு மூடி போட்டுக்கொண்டு படுத்தேன். ராவிரி பக்கத்தில் நிற்க, மெரன் ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுக் கொடுத்தாள். என்றைக்குமில்லாத அடக்கம், அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மூணு சுட்டேன், மூணும் மூணு திசையில். "பாத்தீங்களா விசையை"ன்னு ராவிரியைப் பார்த்தேன். நாலாவது தரம் விசையை இழுத்தேன், வெடிக்கவே இல்லை, டிக் என்றது. ஆனால் துப்பாக்கி வாத்து தண்ணீரில் தலையை முக்குகிற மாதிரி குபுக்கென்று தரையைப் பார்த்துக் குனிந்தது. வெடிக்காத துப்பாக்கி எப்படிக் குனியும்? நான்தான் குனிய வைத்திருக்கிறேன், கண்ணையும் இறுக மூடிக்கொண்டு. அன்றைக்குக் கடையில் குசுகுசுத்து வாங்கிய, மருந்தில்லாத பொய்த் தோட்டாவை உன் தங்கை போட்டிருந்தாள். அப்பா புல்லில் உட்கார்ந்தே சிரித்தார். "நல்லவேளை விசை கனமா இருக்கு, லேசா இருந்தா அம்மா சட்டுனு பயந்திருப்பாங்க"ன்னு இந்தக் கழுதை சொல்லிற்று. (கழுதை என்று என் கையாலேயே எழுத வைக்கிறார்கள்.)

ராவிரி மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "ஷோனா, புருவத்துல அந்தத் தழும்பு எப்ப வந்துச்சு?"ன்னு மெதுவாகக் கேட்டார்.

உன்னிடம் அது அலமாரிக் கதவு இடித்தது என்று எழுதியிருந்தேன். இல்லை ஐல்சா. போன ஜூலையில் மேட்டைப் பார்த்துப் படுத்துச் சுட்டபோது துப்பாக்கி பின்னால் உதைத்து, அதன் மேல் பொருத்திய தொலைநோக்கியின் விளிம்பு வந்து அடித்தது. நாலு தையல். அன்றைக்கு நானே சிரித்துக்கொண்டுதான் வண்டி ஓட்டி வந்தேன். பயம் உள்ளே உட்கார்ந்துவிட்டது என்று எனக்கே தெரியாது. விரல் விசைக்குப் போனதும் அது என் கண்ணை மூடிவிடுகிறது. இத்தனை நாள் பாவம் அந்த விசையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ராவிரி தொலைநோக்கியை ஒரு விரற்கடை முன்னே தள்ளி வைத்துக் குறியைச் சரிபார்த்தார், தோளில் பதிகிற கட்டையின் பின்னால் ரப்பர் மெத்தை வைத்தார். அப்புறம் நாள் தவறாமல் மெரனும் அப்பாவும் என்னைத் திடலுக்கு இழுத்துப் போனார்கள். பொய்யும் மெய்யும் கலந்து போடுவாள், எது எதுவென்று சொல்லமாட்டாள். துப்பாக்கி குனியாத ஒவ்வொரு பொய்க்கும் எனக்கு ஒரு சாக்லேட். முதல் நாள் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை, என் கண் முன்னாலேயே அவளே தின்றாள். நேற்று அஞ்சு போட்டாள். இது பொய்யாகத்தான் இருக்கும், அடுத்தது பொய்யாகத்தான் இருக்கும் என்று நினைத்து நினைத்து மெதுவாக இழுத்தேன். அஞ்சும் மெய். அட்டையில் அஞ்சு ஓட்டையையும் ஒரு சீஸ் ரோலால் மூடிவிடலாம். அப்பா அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஆக, விசையை மாற்றவில்லை. நாளை காலை வனத்துறை ஆபீசுக்குப் போய் அந்தப் படிவத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கெஞ்சப் போகிறேன். பேர் மாற்ற வெள்ளிக்கிழமை கடைசி நாளாம், கொடுப்பார்களா என்று தெரியவில்லை. கொடுத்தால் உன்னோடு நான்தான் வருவேன். நூறு மீட்டருக்கு மேல் சுடமாட்டேன், சந்தேகமாக இருந்தால் துப்பாக்கி உன் கைக்கு வந்துவிடும். நீ வந்த மறுநாளே திடலுக்குப் போகிறோம், நீதான் தோட்டா போட வேண்டும், எது பொய் எது மெய் என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடாதே.

கடவுள் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும், கடல் உன்னைப் பத்திரமாகக் கொண்டு வரட்டும். நான் கொடுத்தனுப்பிய கம்பளிக் காலுறையை அங்கே யாருக்கும் தானம் பண்ணிவிடாதே, ஏப்ரலுக்கு வேண்டும்.

என்றும் உன் நினைவாக,
அம்மா ஷோனா

பின்குறிப்பு: அக்கா, இதை அம்மா சொல்லவில்லை, கண்ணாடி இல்லாததால் படிக்கவும் முடியாது. அந்தப் படிவம் ஆபீசுக்குப் போகவே இல்லை. என் பள்ளிப் பையில் கணக்கு நோட்டுக்குள் இருக்கிறது, அங்கே யாரும் பார்க்கமாட்டார்கள், நான் உட்பட. நாளைக்கு அம்மா நல்ல கோட்டு போட்டு, உதட்டுச் சாயம் பூசி, வாசல் வரைக்கும் போகட்டும். அப்புறம் கொடுத்துவிடுகிறேன். பாத்திரம் கழுவுவது எனக்குப் பழகிவிட்டது.
– மெரன்